ஏரி கோடி போன நாள்

வட தமிழகத்து ஏரிக்கரை ஊர்களில் "ஏரி கோடி போகுது" என்றால் நல்ல செய்தி. தண்ணீர் கலங்கலைத் தாண்டி வழிகிறது, கரை தாங்கிவிட்டது, நடவுக்கு இனிக் கவலையில்லை என்று அதற்குப் பொருள். சேதி கிடைத்ததும் ஊர் திரண்டு கலங்கலுக்குப் போகும். வழியும் நீரில் மஞ்சளும் குங்குமமும் பூவும் தூவுவார்கள். பொங்கல் வைப்பார்கள், கிடா வெட்டுவார்கள். பிள்ளைகள் கலங்கல் கல்லில் வழுக்கி விளையாடுவார்கள். கீழேயுள்ள ஏரிக்காரர்களுக்கும் அன்று மகிழ்ச்சிதான். இங்கே வழிவது இன்னும் சில நாளில் அவர்கள் ஏரிக்கு வந்து சேரும்.

படப்பை, மணிமங்கலம், ஆதனூர், வரதராஜபுரம், முடிச்சூர் பக்கம் அதே நிகழ்ச்சி இன்று வேறு சொற்களில் வருகிறது. "உபரிநீர் வெளியேற்றப்படுகிறது. தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்." ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாகப் போகிறது. வீட்டுக்காரர்கள் ஸ்கூட்டரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள், கீழ்த்தளத்துச் சாமான்களை மாடியில் ஏற்றுகிறார்கள். முன்பு கிடா வெட்டிக் கொண்டாடிய அதே வழிதல், இப்போது படகு வரவழைக்க வேண்டிய ஆபத்து.

இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே நடந்தது என்ன? உலகம் முழுவதும் பழங்குடிச் சடங்குகளையும் மக்கள் கலைகளையும் காலநிலை நெருக்கடிக்கான மறுமொழிகளாகப் பேசத் தொடங்கியிருக்கும் நேரத்தில், அந்தப் பேச்சைத் தென்சென்னைப் புறநகரின் மண்ணில் வைத்துப் பார்க்க இந்தக் கேள்வி உதவும். நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சடங்கு உயிரோடிருக்க நிலம் வேண்டும். நீரின் பாதையை ஊர் நினைவில் வைத்திருக்க உதவிய கருவிகளில் சடங்கும் கூத்தும் பாட்டும் முக்கியமானவை. பாதை பறிபோனபோது அவையும் இடமிழந்தன. அவற்றை மீட்பதும் பாதையை மீட்பதும் ஒரே வேலை.

வானத்தின் கணக்கும் மண்ணின் கணக்கும்

அடையாற்றின் தலைப்பகுதி இங்கேதான் இருக்கிறது. மணிமங்கலத்தை ஒட்டிய மலைப்பட்டு ஏரி, ஆதனூர் ஏரி, சுற்றிலுமுள்ள பல ஏரிகள் ஆகியவற்றின் மிச்ச நீரெல்லாம் சேர்ந்துதான் ஆறாகிறது. தாம்பரத்துக்கு மேற்கே தொடங்கி, திருநீர்மலைப் பக்கம் செம்பரம்பாக்கத்தின் உபரியையும் வாங்கிக்கொண்டு, ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. ஏரிகளின் கோடிநீரில் பிறந்த ஆறு இது. ஏரிச் சங்கிலி குலைந்தால் ஆறும் குலையும்.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. செம்பரம்பாக்கத்தில் 47. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு முன்பே, நவம்பர் நடுவில், ஒரு முறை மூழ்கி எழுந்திருந்தன. இந்த மழையைப் பன்னாட்டு அறிவியலாளர் குழு ஒன்று ஆராய்ந்து 2016 இல் வெளியிட்ட முடிவு பலருக்கு வியப்பளித்தது. அந்த ஒருநாள் மழையில் புவி வெப்பமாதலின் கைவரிசையைத் தரவுகளிலிருந்து உறுதியாகக் காட்ட முடியவில்லை என்றது அது. வங்கக் கடலின் மேற்குப் பகுதி முந்தைய 40 ஆண்டுகளில் பெரிதாகச் சூடாகாததை அது ஒரு காரணமாகக் குறிப்பிட்டது.

காலநிலை மாற்றம் பொய் என்று இதைப் படிப்பது தவறு. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். இனி வரும் பெருமழைகள் இன்னும் பெரிதாக இருக்கும் என்பதே இயற்பியல் சொல்வது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர்ப் பக்கம் மறுபடியும் தண்ணீர் நின்றது. ஆனால் 2015 நமக்குச் சொல்லும் பாடம் தனியானது. வானம் பெரிதாக மாறாதபோதே நாம் மூழ்கினோம். கலங்கலுக்குக் கீழேயிருந்த போக்குக் கால்வாய் மனைகளாகிவிட்டது. ஆற்றின் வெள்ளவெளியில் நகர்கள் எழுந்தன. வானமும் மாறும்போது என்ன ஆகும் என்பதுதான் இனிக் கேள்வி.

கல்லிலும் ஓலையிலும் கதையிலும்

திருநீர்மலைக்கு ஒரு தலவரலாறு உண்டு. திருமங்கையாழ்வார் பெருமாளைச் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாம். வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து சேவித்துவிட்டே போனாராம். பக்தியின் பொறுமையைச் சொல்லும் கதை என்று இதைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். இதில் ஒரு நிலவரைபடமும் இருக்கிறது. இந்த மலையடிவாரம் நீர் வந்து தங்கும் இடம், தங்கினால் சீக்கிரம் வடியாது என்கிறது கதை. ஊர்ப் பெயரே அதைச் சொல்கிறது. மனை வாங்கும்போது வில்லங்கம் பார்ப்பவர்கள் ஊரின் தலவரலாற்றையும் ஒரு முறை கேட்டிருக்கலாம்.

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் இருக்கிறார். கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியில் செங்கல்பட்டுச் சீமைக்குக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், 1790களின் பெருமழை இரவொன்றில், உடையப் போகிறது என்று எல்லாரும் அஞ்சிய கரைமேல் வில்லேந்திய இருவர் காவல் நிற்பதைக் கண்டதாகக் கதை. தாயார் சந்நிதியில் அவர் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. தெய்வத்துக்கு அந்த ஊர் கொடுத்திருக்கும் பெயரைக் கவனிக்க வேண்டும். வரம் தந்தவர், பகை முடித்தவர் என்று சொல்லாமல், ஏரி காத்தவர் என்கிறது. மழை இரவில் விழித்திருந்து கரை பார்ப்பதுதான் இந்த நாட்டில் ஆகப் பெரிய அறம் என்று ஊர் நினைத்திருக்கிறது.

அந்த அறத்துக்கு நிறுவனமும் இருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919 மற்றும் 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை வழியாக ஏரி வாரியம் தேர்ந்தெடுத்த முறையை விரிவாகச் சொல்கின்றன. அந்த ஏற்பாட்டில் எல்லாருக்கும் இடமில்லை. நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர் சபை அது. கரையில் மண் சுமந்தவர்களின் பெயர் அந்தக் கல்லில் இல்லை. இதையும் சேர்த்துத்தான் நம் பழம்பெருமையைப் படிக்க வேண்டும்.

செங்கல்பட்டுச் சீமையின் இன்னொரு சான்று எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. தாமஸ் பர்னார்டு என்ற கும்பினிப் பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2000 ஊர்களின் கணக்குகளைத் திரட்டினார். களத்தில் நெல் குவிந்ததும் பங்கு பிரிக்கும் முன்பே ஊருக்குப் பொதுவான செலவுகளுக்கென்று ஒரு பகுதி எடுத்துவைக்கப்பட்டதை அந்தக் கணக்குகள் காட்டுகின்றன. ஏரிப் பணிக்கு ஒரு பங்கு, கோயிலுக்கு ஒரு பங்கு, கணக்கருக்கும் வெட்டியானுக்கும் தச்சருக்கும் பங்கு, ஆடுபவர்களுக்கும் இசைப்பவர்களுக்கும் பங்கு. கரையில் மண் அணைப்பதும் திருவிழாவில் மேளம் கொட்டுவதும் ஒரே நெற்குவியலிலிருந்து ஊதியம் பெற்றன. கலை வேறு, நீர் மேலாண்மை வேறு என்ற பிரிவினை இங்கே புதிது. வருவாய் முழுவதும் அரசுக் கருவூலத்துக்குத் திருப்பப்பட்டபோது ஏரியும் கூத்தும் சேர்ந்தே வறண்டன.

பழி ஊருக்குள் இருக்கிறது

மழை பொய்த்த ஆண்டுகளுக்கென்று தமிழ் ஊர்களில் தனிச் சடங்குகள் உண்டு. மழைச்சோறு எடுப்பது அவற்றில் ஒன்று. பெண்கள் வீடு வீடாகப் போய் உப்பில்லாச் சோறோ கஞ்சியோ வாங்கி, ஊர்ப் பொதுவில் வைத்து எல்லாரும் பங்கிட்டு உண்பார்கள். ஊரைவிட்டுப் போகிறோம் என்று ஒப்பாரி வைப்பார்கள். இருப்பவர் வீட்டுச் சோறும் இல்லாதவர் வீட்டுச் சோறும் ஒரே பானையில் கலக்கும். பஞ்சத்தில் யார் வீட்டில் உலை வைக்கவில்லை என்பது அன்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

கொடும்பாவி இழுப்பது இன்னொன்று. வைக்கோலில் ஓர் உருவம் செய்து தெருத்தெருவாக இழுத்துப் போய், மார்படித்து அழுது, சுடுகாட்டில் எரிப்பார்கள். ஊரில் யாரோ செய்த பெரும்பாவம்தான் மழையைத் தடுத்துவிட்டது என்பது நம்பிக்கை. அறிவியல் இதை ஏற்காது. ஆனால் சடங்கின் உள்ளே இருக்கும் எண்ணம் கூர்மையானது. மழை தவறியதற்குப் பழி வானத்தில் இல்லை, மனிதர் செயலில் இருக்கிறது என்கிறது அது. நிலக்கரிப் புகையையும் பெட்ரோல் புகையையும் அளந்து காலநிலை அறிவியல் வந்து நிற்கும் இடமும் மனிதர் செயல்தான்.

2019 ஆகஸ்டில் ஐஸ்லாந்து மக்கள் 'ஓக்' என்ற பனியாற்றுக்கு இறுதிச் சடங்கு நடத்தினார்கள். உருகிச் சிறுத்து, பனியாறு என்ற தகுதியை 2014 இலேயே இழந்துவிட்டது அது. மலையேறிப் போய், வருங்காலத்துக்கு ஒரு கடிதத்தைச் செப்புப் பட்டயமாகப் பதித்துவிட்டு வந்தார்கள். உலகச் செய்தியானது அந்தத் துக்கம். நமக்கு அது அந்நியமாகப் படக் காரணமில்லை. வானத்துக்கும் நீருக்குமாகக் கூடி அழும் வழக்கம் நம்மிடம் முன்பே இருந்தது.

ஆனால் கொடும்பாவியில் ஓர் ஆபத்து இருக்கிறது. பழி யார் தலையில் விழும் என்பதை ஊரின் அதிகாரமே தீர்மானித்தது. கைம்பெண்ணின் மேலும் சாதியால் ஒடுக்கப்பட்டவர் மேலும் அது எளிதாக விழுந்திருக்கும். இன்றும் வெள்ளம் வந்தால் குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏறுவது கரையோரக் குடிசைகள்தான்.

தொண்டை நாட்டுக் கூத்து இதற்கு வேறொரு விடை சொல்கிறது. பங்குனி முதல் வைகாசி வரை திரௌபதியம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, தபசு மரம், படுகளம், தீமிதி. அறுவடை முடிந்து ஏரி வறண்டிருக்கும் காலம் அது. மழை வேண்டி விராட பருவம் ஆடுவது இங்கே வழக்கம். பாரதத்தில் அதற்கு வேர் இருக்கிறது. தலைமறைவாக இருக்கும் பாண்டவர்களைத் தேடும்போது பீஷ்மர் ஓர் அடையாளம் சொல்கிறார். தருமன் வாழும் நாட்டில் மழை தவறாது, பசுக்கள் பெருகும், அங்கே போய்த் தேடுங்கள் என்கிறார். அறம் இருக்கும் இடத்தில் மழை இருக்கும் என்ற இந்தக் கணக்கில் பொறுப்பு அரசன் மேல் விழுகிறது. கொடும்பாவியில் யாரோ ஓர் எளியவர் மேல் விழுந்த பழி, கூத்தில் ஆள்பவர் வாசலுக்குப் போகிறது. விடிய விடிய உட்கார்ந்து பார்த்த உழவர்களுக்கு இது புரியாமல் இருந்திருக்காது. இந்தக் கலையைக் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் 1990 முதல் காத்துவருகிறது. சிறுமிகளையும் முறையாகப் பயிற்றி மேடையேற்றியது அதன் பெரும்பணி.

கடற்கரையில் கன்னியம்மா

பழங்குடிச் சடங்கு என்று சொல்லும்போது, இந்தப் பகுதியில் முதலில் நினைக்க வேண்டியவர்கள் இருளர்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் அவர்கள் ஏறத்தாழ 1,90,000 பேர். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் அவர்கள் குடியிருப்புகளைப் பார்க்கலாம். வயலில் எலி பிடித்தார்கள், ஏரியில் கையால் மீன் தடவினார்கள், பாம்பு பிடித்தார்கள், தோப்புக்கும் வயலுக்கும் காவல் இருந்தார்கள். 1972 இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் தொழில் நின்றது. 1978 இல் பிறந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், வடநெம்மேலியிலிருந்து நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு தருகிறது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023 இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வேறு பல இருளர் குடும்பங்கள் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் இடங்களிலும் கொத்தடிமைகளாகச் சிக்கிய வரலாறும் இதே மாவட்டங்களுடையதுதான்.

மாசி மகப் பௌர்ணமிக்கு அவர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். பல மாவட்டங்களிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து, கம்பு நட்டுச் சேலையைக் கட்டி மணலில் தங்குகிறார்கள். கடலுக்குள் போய்விட்ட தங்கள் தெய்வம் கன்னியம்மாவை அழைக்கும் நாள் அது. விடியலில் அலையோரத்தில் ஈர மணலால் ஏழு படி அமைத்து, பூவும் பழமும் வைத்துக் கும்பிடுகிறார்கள். அருள் வந்து குறி சொல்வது நடக்கும். பிள்ளைக்கு முடியெடுப்பதும் பெயர் வைப்பதும் காது குத்துவதும் அங்கேதான். பெண் பார்ப்பதும் கல்யாணம் முடிப்பதும் அங்கேதான். பிறகு அலை வந்து ஏழு படியையும் கரைத்துவிடும்.

இங்கே கல்லால் ஆன கோயில் இல்லை, பட்டா இல்லை, உண்டியல் இல்லை. சிதறிக் கிடக்கும் ஒரு சமூகம் ஆண்டுக்கொரு முறை தன்னைத் தானே எண்ணிப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் இடம் இந்த மணல் மட்டுமே. சூளையில் மாட்டிக்கொண்ட உறவினர் வந்தாரா, வரவில்லையா என்பது இங்கே தெரியும். அந்த மணலும் நிலையாக இல்லை. 1990 முதல் 2018 வரையான காலத்தை ஆராய்ந்த தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம், தமிழகக் கடற்கரையில் ஏறத்தாழ 43 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகிறது என்கிறது. கரை சுருங்கச் சுருங்க, எஞ்சிய மணலில் சுற்றுலாவுக்கும் விடுதிகளுக்கும் போக எவ்வளவு மிஞ்சும் என்பது கன்னியம்மாவின் பிள்ளைகளுக்கு வாழ்வுரிமைக் கேள்வி.

ஏரிக்கரையிலும் இதே சிக்கல்தான். தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007 இல் ஒரு சட்டம் வந்தது. தேவையான சட்டம். ஆனால் தலைமுறைகளாக ஏரிக்கரையில் வாழ்ந்தும் பட்டா இல்லாத இருளர் குடிசை அதன் கண்ணில் ஆக்கிரமிப்பு. நீர்வழியில் மண் கொட்டி மேடாக்கிய மனைப்பிரிவுக்குக் கையில் காகிதம் இருந்தால் அதற்குத் தப்பும் வழியும் இருக்கிறது. கார்பன் புகையில் பங்கே இல்லாதவர்கள் வெள்ளத்திலும் முதலில் இழக்கிறார்கள், வெள்ளத் தடுப்பிலும் முதலில் இழக்கிறார்கள்.

முகத்துவாரத்துப் பாட்டு

அடையாறு கடலில் கலக்கும் இடத்தருகே இருக்கிறது ஊரூர் ஆல்காட் குப்பம். அந்த மீனவர் ஊரில் 2015 தொடக்கத்தில் ஒரு கலைவிழா பிறந்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் உள்ளிட்டோர் குப்பத்து மக்களோடு சேர்ந்து நடத்தியது. சபாக்களில் மட்டும் கேட்கும் கர்நாடக இசையும், சபாக்கள் உள்ளே விடாத பறையும் ஒரே மணலில் ஒலித்தன. அதே ஆண்டின் இறுதியில் படப்பைப் பக்கத்து ஏரிகளின் நீர் அந்தக் குப்பத்தைக் கடந்துதான் கடலுக்குப் போனது. ஆற்றின் தலையில் இருப்பவரும் வாயில் இருப்பவரும் ஒரே நீரின் உறவுக்காரர்கள் என்பதை அந்த மழை காட்டியது.

2017 ஜனவரியில் வந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' இந்த உறவின் பெயரையே பாடுபொருளாக்கியது. கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடியது. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த நிலத்தில் நின்றும் உட்கார்ந்தும் படமாக்கினார்கள். சென்னைத் தமிழில் அமைந்த சொற்கள் கர்நாடக ராகங்களில் ஏறின. புறம்போக்கு என்றால் வரிக்கு உட்படாமல் புறத்தே விடப்பட்ட பொதுநிலம். ஏரி, ஆறு, மேய்ச்சல் வெளி, சுடுகாடு, கடற்கரை எல்லாம் அதில் அடக்கம். எல்லாருக்கும் உரிய நிலத்தின் பெயர் எப்படி ஒரு வசைச்சொல்லானது என்று கேட்டது அந்தப் பாட்டு. கலங்கல் பூசையும் மழைச்சோறும் கன்னியம்மாவின் ஏழு படியும் நடக்கும் இடங்கள் எல்லாமே புறம்போக்குதான். சொல் இழிவானபோது நிலம் கைமாறுவது எளிதாயிற்று. ஒரு சொல்லின் மானத்தை மீட்பது கலையால் முடிந்த வேலை. அதை அந்தப் பாட்டு செய்தது.

சடங்கு சாட்சியாகும்போது

எந்தச் சடங்கும் காலநிலைக்கு மறுமொழியாகிவிடாது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டபோது, மழை வேண்டிக் கோயில்களில் வருண ஜபம் நடத்தச் சுற்றறிக்கை போனது. ஜபத்தின் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் கோயிலுக்கு உள்ளேயே தொடங்கி உள்ளேயே முடியும் சடங்கு, வெளியிலிருக்கும் ஏரிக்கு யாரையும் அழைத்துப் போவதில்லை. மண்ணை மிதிக்க வைக்கும் சடங்கு வேறு வகை.

ஒடிசாவின் நியம்கிரி அதற்குச் சான்று. டோங்ரியா கோந்த் மக்களுக்கு அந்த மலைதான் நியம்ராஜா. பாக்சைட் தோண்ட வேதாந்தா நிறுவனம் வந்தபோது, அம்மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. வழிபாடு அங்கே சட்டத்தின் முன் சாட்சியாக நின்றது.

நம் பக்கத்திலும் மதுரை அரிட்டாபட்டி இருக்கிறது. கோயில்களும் குன்றுகளும் சுனைகளும் சேர்ந்த அந்த ஊர் 2022 இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் அந்தப் பகுதியைத் தொட்டபோது சுற்றுவட்ட ஊர்கள் எழுந்தன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. சாமி இருக்கும் குன்று என்று சொல்ல அந்த மக்களுக்கு வாய் இருந்தது. சொல்வதற்குக் குன்றும் இருந்தது.

படப்பைப் பக்கம் கேள்வி இன்னும் கடினம். இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் நேற்று வந்தவர்கள். ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கும் தாம்பரத்து ரயிலுக்கும் அருகில் வீடு தேடி, கடன் வாங்கிக் குடியேறியவர்கள். தங்கள் தெருவுக்கு மேலே எந்த ஏரி இருக்கிறது, அதன் கலங்கல் எந்தத் திசை பார்க்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2015 க்குப் பிறகு ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கம் கட்டும் பணியும், மூடு கால்வாய்களும் வந்தன. பொறியியல் வேலை நடக்கிறது, நடக்கவும் வேண்டும். நினைவின் வேலைதான் இன்னும் தொடங்கவில்லை.

அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஐப்பசிக்கு முன்பே, ஏரி நிரம்பும் முன்னால், பழைய ஊர்க்காரர்களும் புதிய நகர்க்காரர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கலங்கலிலிருந்து ஆறுவரை நடக்கலாம். நடுவில் எந்த வீட்டின் சுவர் வழியை மறிக்கிறது, எந்தப் பாலத்தின் கண் அடைபட்டிருக்கிறது என்று குறித்துக் கிராம சபையில் தீர்மானமாக்கலாம். வெள்ளவெளியில் வாழும் இருளர் குடும்பங்களுக்குத் தொலைவில் ஓர் அடுக்கு மாடியைக் காட்டாமல், அதே ஏரியின் மேட்டுப் பக்கத்தில் பட்டாவோடு இடம் கேட்கலாம். ஏரிக் காவலையும் மீன் உரிமையையும் அவர்கள் கூட்டுறவிடம் தரச் சொல்லலாம். அக்னி வசந்த விழா நடக்கும் ஊரில், விராட பருவம் ஆடும் இரவுக்கு அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களும் வரி கொடுத்து வந்து உட்காரலாம். ஏரிக்கும் கூத்துக்கும் ஒரே குவியலிலிருந்து பங்கு எடுத்துவைத்த சீமை இது.

பிறகு மழை வரும். ஏரி நிரம்பி ஒருநாள் கோடி போகும். அந்தச் செய்தி கிடைத்ததும் முடிச்சூரில் மாடிக்குச் சாமான் ஏற்றும் ஒரு பெண், நீர் தன் வீட்டுக்கு வராமல் எந்த வழியாகப் போகும் என்று தெரிந்திருந்தால், ஒரு பிடி மஞ்சள் எடுத்துக்கொண்டு கலங்கலுக்குப் போகலாம். அவளுக்கு அங்கே இடம் இருக்க வேண்டும்.